கை காட்டிய பக்கம்

தனக்கு வலிப்பு வருகிறது என்பதை வேடியப்பன் நம்பவில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. மலைமேல் தேன்பாறை ஊரில் இருக்கிற அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள், பார்க்காத ஒரே ஆள் அவன்தான். உட்கார்ந்திருப்பான். அடுத்த நொடி தரையில் கிடப்பான், வாயெல்லாம் மண், பக்கத்தில் யாராவது முறத்தால் விசிறிக்கொண்டிருப்பார்கள். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. ஒருத்தர் சாமி என்பார், ஒருத்தர் காத்துக் கருப்பு என்பார், சின்னக்குழந்தை என்று பேர் கொண்ட அவன் பெண்டாட்டி, நோய் என்பாள். அவனைக் கேட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. ஊரே பேசி வைத்துக்கொண்டு தன்னைக் கேலி பண்ணுகிறதோ என்றுகூட அவனுக்குச் சந்தேகம் இருந்தது.

தொடக்கம் புளியமரம். அதில் யாருக்கும் சண்டை இல்லை. போன வருஷம் மாசியில் புளி உலுக்க ஏறினவன் கிளையோடு விழுந்தான். மண்டையின் இடப்பக்கம் பாறையில் மோதி உள்ளே அமுங்கிப் போனது. கம்பளியை மூங்கிலில் கட்டித் தூளியாக்கி, ஆள் மாற்றி ஆள் சுமந்து ஆலங்காயத்துக்கு இறக்கி, அங்கிருந்து வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மண்டையைத் திறந்து, உடைந்த எலும்புத் துண்டுகளையும் உறைந்த ரத்தத்தையும் எடுத்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டான். பேச்சு திரும்பியது, நடை திரும்பியது, ஆவணியில் பெண் குழந்தையும் பிறந்தது. மங்கம்மா என்று பேர் வைத்தார்கள். காயம் ஆறி, அதன்மேல் முடியும் முளைத்துவிட்டது. பிழைத்தது மறுபிறவி, இனி ஒரு தொந்தரவும் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

தை மாதம் காளியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. மழை பொய்த்த வருஷம் அது. ஊற்று வற்றிப் போய், பெண்கள் பள்ளத்து ஓடைவரை இறங்கித் தண்ணீர் சுமந்தார்கள். பொதுக் கிணறு எங்கே வெட்டலாம் என்று ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் ரங்கன் கேட்டார். ஆளாளுக்குத் தன் கொல்லைப் பக்கம் இழுத்தார்கள். சத்தம் ஏறிக்கொண்டு போன நேரம் பார்த்து வேடியப்பனுடைய தலை வலப்பக்கம் திரும்பியது. அவன் கோயிலைப் பார்த்துக் கிழக்கு முகமாக உட்கார்ந்திருந்தான். வலது கை தானாக எழும்பித் தெற்கே நீண்டு நடுங்கியது. அப்புறம்தான் ஆள் சாய்ந்தான். சாமி வந்துவிட்டது என்று கூட்டம் எழுந்து கும்பிட்டது. சாமி வந்தால் பம்பை அடிக்கிறவன்கூட அடிக்க மறந்து நின்றான்.

தேன்பாறையில் ஒரு கட்டு உண்டு. கிணற்றுக்கு இடம் சொல்ல யார் மேல் சாமி வருகிறதோ, அவன் கை காட்டின பக்கம்தான் வெட்ட வேண்டும். தண்ணீர் காணும்வரை அவன் மலையை விட்டு இறங்கக் கூடாது, மருந்து தொடக் கூடாது. அதுவரைக்கும் அந்த உடம்பு சாமியுடையது, அவனுடையது இல்லை. இதில் மறுபேச்சுக்கே இடமில்லை. மறுநாளே தெற்குக் கொல்லையில் கடப்பாரை இறங்கியது. வேடியப்பனுக்கு மாலை போட்டார்கள், காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். மரத்திலிருந்து விழுந்தவன் என்று பாவம் பார்த்த கண்களெல்லாம் இப்போது அவனைக் கும்பிட்டன.

சின்னக்குழந்தை மட்டும் கும்பிடவில்லை.

"கோயில்ல வந்தது சாமின்னா, அப்பால வூட்டுல வந்ததெல்லாம் இன்னா?" என்று கேட்டாள். "ஒரு தபா கை கோழிக் கூடையைக் காட்டிச்சு. ஒரு தபா அடுப்பைக் காட்டிச்சு. அங்கல்லாம் கிணறு வெட்டலாமா, சொல்லு மாமா."

"வூட்டுல எனக்கு எப்போ வந்துச்சு?"

"வந்துச்சு."

"எனக்குத் தெரியாம எனக்கு வந்துச்சா?"

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு சாமை புடைக்கப் போய்விட்டாள். அதுகூடப் பரவாயில்லை. அந்த மாசக் கடைசியில் ஒரு நாள் தொடங்கி அவள் குழந்தையை அவன் கையில் கொடுப்பதையே நிறுத்திவிட்டாள். அவன் கை நீட்டினால் போதும், பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு நகர்ந்து போவாள். தண்ணீருக்குப் போகும்போதுகூட அவனிடம் விடாமல், குடத்தைத் தலையிலும் பிள்ளையை முதுகிலுமாகச் சுமந்துகொண்டு பள்ளம் இறங்குவாள். மங்கம்மாவானால் அப்பனைக் கண்டதும் கையைக் காலை ஆட்டிக்கொண்டு தாவுகிற வயசு. சாமி கும்பிடுகிற மாதிரி ஊர் கும்பிட்டு என்ன, பெற்ற பிள்ளையைத் தொட விடவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் அவன் இரண்டு நாள் சாப்பிடக்கூட இல்லை.

மாசி பிறந்ததும் அவளே ஒரு காரியம் செய்தாள். கட்டாவது மண்ணாவது என்று, ஆலங்காயம் சந்தைக்கு இறங்குகிறவர்களோடு சேர்ந்து அவனையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். 'பஸ் ஏறு, ஒரு நாள் ஒரு பொழுது எனக்காக வா' என்று கெஞ்சினதில் அவனும் போய்விட்டான்.

மண்டையைத் திறந்த அதே ஆஸ்பத்திரி. டாக்டர் கோபால்சாமி என்று ஒருத்தர், கொஞ்ச வயசுதான், ஆனால் அவசரப்படாமல் கேட்டார். சின்னக்குழந்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். வேடியப்பன் யாருடைய கதையையோ கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"அடி பட்ட இடத்துல தழும்பு இருக்கு. அதுலேருந்து வர்ற வலிப்பு இது," என்றார் டாக்டர்.

"தழும்பு ஆறிப்போச்சுங்களே சார்," என்று வேடியப்பன் தலையைக் குனிந்து காட்டினான்.

"வெளித்தழும்பு இல்ல. உள்ள, மூளையில. அங்க நரம்பு அணுக்கள் மட்டும் இல்லை. அதுங்களைப் பாத்துக்கிறதுக்குன்னே வேற அணுக்கள் இருக்கு. பெரிசாக்கிப் பார்த்தா நட்சத்திரம் மாதிரி நாலா பக்கமும் கை நீட்டிக்கிட்டு இருக்கும். ஆஸ்ட்ரோசைட்னு பேரு. சும்மா இருக்கிறப்போ நரம்புக்குத் தேவையானதைக் குடுக்கும், கழிவைத் துடைக்கும். அடி பட்டுடுச்சுன்னா ஆளே மாறிடும். வீங்கும், கை நீளும், பெருகும், காயத்தோட ஓரத்துல வந்து கூடும். கையோட கை பின்னிக்கிட்டு காயத்தைச் சுத்திச் சுவர் கட்டிடும்."

"சுவர் எதுக்குங்க?"

"காயத்துல இருக்கிற கெடுதல் நல்ல இடத்துக்குப் பரவக் கூடாதே. அந்தச் சுவர் இல்லேன்னா நீங்க இன்னிக்கு நடந்து வந்திருப்பீங்களாங்கிறதே சந்தேகம்."

இது வேடியப்பனுக்குப் புரிந்தது. காட்டில் தீப்பிடித்தால் எல்லாக் குடிசையிலிருந்தும் ஆட்கள் பச்சைக் கொம்பை ஒடித்துக்கொண்டு ஓடுவார்கள். வரிசையாக நின்று அடித்து, தீயை அதற்கு மேல் வர விடாமல் நிறுத்துவார்கள். தன் மண்டைக்குள்ளேயும் தனக்காக ஒரு கூட்டம் ஓடி வந்திருக்கிறது என்று நினைத்ததும் அவனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. அதை டாக்டரிடமும் சொன்னான்.

"அதேதான். ஆனா தீ அணைஞ்சா நீங்கள்லாம் வீட்டுக்குப் போயிடுவீங்க. இதுங்க போகாது. அங்கேயே நின்னு இறுகிடும். அந்த இறுகின தழும்போட ஓரத்துல இருக்கிற நரம்புங்க சில சமயம் அடங்காம மொத்தமாத் துடிச்சிடும். அதுதான் வலிப்பு. உங்களுக்கு அடி பட்டது வலது கையை ஆட்டி வைக்கிற இடம். அதனால முதல்ல கை எழும்பும். எந்தத் திசையில உட்கார்ந்திருந்தாலும் உங்களுக்கு வலப்பக்கமாத்தான் போகும்."

வேடியப்பன் விழித்தான். "என்னைக் காப்பாத்த வந்தவங்கதானே சார் அவங்க?"

"ஆமா."

"அவங்களேதான் என்னைத் தள்ளியும் வுடுறாங்களா?"

"ஒரு விதத்துல ஆமா."

"அப்போ அவங்க நல்லவங்களா, கெட்டவங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "எங்களுக்கே அதுல குழப்பம்தான். அதுங்க தள்ளி இருந்து நகர்ந்து வருதா, இல்ல அங்கேயே இருந்ததுதான் பெருகுதாங்கிறதுலயே எங்க ஆளுங்களுக்குள்ள சண்டை தீரலை."

"அந்தச் சுவத்தை இடிச்சிடுங்களேன்."

"இடிச்சா அதுவும் ஒரு காயம்தானே. மறுபடியும் வந்து கட்டும்." அவர் மாத்திரை எழுதினார். ஒரு வேளையும் விடக் கூடாது, சட்டென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும் என்றார். மரம் ஏறக் கூடாது, கிணற்றோரம் போகக் கூடாது. "குழந்தையைத் தனியாத் தூக்காதீங்க. உட்கார்ந்துகிட்டு, பக்கத்துல ஆள் இருந்தா மடியில வெச்சுக்கலாம்."

ஊர் திரும்புகிற பஸ்ஸில் வேடியப்பன் மண்டையைத் தடவிக்கொண்டே வந்தான். உள்ளே இருக்கிறவர்களைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. காளியம்மனே அந்த நட்சத்திரக் கைகளை ஏவியிருந்தால்? அப்படியானால் டாக்டர் சொன்னதும் சரி, கவுண்டர் சொன்னதும் சரி. ஆனால் எப்போதும் வலப்பக்கம்தான் என்றால், அன்றைக்கு மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தால் கிணறு வடக்கே போயிருக்குமே. சாமிக்குத் திசை தெரியாதா? யோசிக்க யோசிக்கத் தலைக்குள் முடிச்சு விழுந்ததே தவிர அவிழவில்லை. கடைசியில் அவன் தூங்கிப் போனான்.

மாத்திரை வேலை செய்தது என்று சின்னக்குழந்தை சொன்னாள். பங்குனி முழுக்க ஒரு தடவைகூட வரவில்லையாம். வராதது எப்படித் தெரியும் அவனுக்கு? வந்ததும் தெரியாது, வராததும் தெரியாது. தெரிந்ததெல்லாம் நாக்குத் தடித்தது, பகலெல்லாம் கண்ணைச் சொருகியது, பிள்ளை மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. டாக்டர்தான் மடியில் வைக்கலாம் என்றாரே என்று கேட்டால், 'கொஞ்ச நாள் போகட்டும் மாமா' என்பாள். எத்தனை நாள் என்று சொல்ல மாட்டாள்.

தெற்குக் கொல்லையில் கிணறு பாறையில் போய் முட்டிக்கொண்டது. வெட்டுகிறவன் சின்னக்குழந்தையின் அண்ணன் முனியன். வெடி வைத்துப் பார்த்தான், உளி போட்டுப் பார்த்தான், ஈரம்கூடக் கசியவில்லை. கல் தெறித்து அவன் முன்கை கிழிந்ததுதான் மிச்சம். ரங்கக் கவுண்டர் நேரே வேடியப்பனிடம் வந்தார்.

"கட்டை மீறி நீ கீழ எறங்கிட்டே. இங்கிலீசு மருந்து தின்றே. சாமி கோவிச்சுக்கிச்சு," என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அவர் வீட்டுப் பெண்களும் பள்ளத்துக்குத்தான் தண்ணீருக்குப் போனார்கள். "செவ்வாக்கிழமை கூட்டம் வெக்கிறேன். அதுவரைக்கும் மாத்திரையை நிறுத்து வேடியா. மறுக்காக் கை காட்டு. வேற பக்கம் காட்டுனா அங்க வெட்டலாம்."

வேடியப்பன் சரி என்றான். கவுண்டருக்குப் பயந்து சொல்லவில்லை. அவன் மனசுக்குள் வேறு ஒரு கணக்கு ஓடியது. செவ்வாய்க்கிழமை கை வேறு பக்கம் காட்டினால் இது சாமி. சாமி என்றால் நோய் இல்லை. நோய் இல்லை என்றால் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று அவள் எந்த முகத்தோடு சொல்வாள்? இதைவிடத் தெளிவாக அவன் ஒன்றையும் யோசித்ததில்லை. அவ்வளவு தப்பாகவும் யோசித்ததில்லை, பாவி.

வீட்டுக்கு வந்து சொன்னான். அவள் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். கத்துவாள், அழுவாள், அண்ணனைக் கூட்டி வருவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தணித்தாள். பிள்ளையை ஏணைத் தொட்டிலில் போட்டாள்.

"எனக்கு மட்டும் தண்ணி வேணாமா? நான்தான தெனம் செமக்கிறேன்," என்றாள். "உக்காரு மாமா. உனக்கு வர்றது இன்னான்னு நீ பாத்ததே இல்ல. நான் காட்றேன். பாத்துட்டு நிறுத்தணும்னா நிறுத்திக்க."

அவன் சுவரோரம் உட்கார்ந்தான். அவள் வாசற்படி பக்கம் போய் நின்றாள்.

முதலில் அவள் பேச்சு நின்றது. ஏதோ சொல்ல வந்து வாய் பாதியில் நிற்கிற மாதிரி. பிறகு கண் வலப்பக்கமாக ஓடியது, முகம் அதன் பின்னாலேயே இழுபட்டுத் திரும்பியது. வலது கைக் கட்டைவிரல் உள்ளே மடங்கியது. கை மெல்ல எழுந்து நீண்டு நின்றது. இதுதானா? இவ்வளவுதானா? ஊர் சாமி என்று கும்பிட்டதெல்லாம் அந்த இடத்தோடு முடிந்தது. அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, ஆட்டைப் பிடித்து அமுக்கினால் வருமே அப்படி. தோள் துடித்தது, கால் துடித்தது, பல் கடித்து வாயோரம் எச்சில் வழிந்தது. வேடியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

அவளுடைய இடது கை மற்றதைப்போல் நீளவில்லை. மார்போடு வளைந்து, எதையோ அணைத்த மாதிரி இருந்தது. துடிப்பு அந்தப் பக்கமும் போனபோது அது விரிந்தது. எதையோ விட்டது. அப்புறம்தான் அவள் தரையில் விழுந்தாள்.

"சின்னக்கொழந்தே," என்றான் அவன். "அந்தக் கையில இன்னா இருந்துச்சு?"

தரையில் கிடந்து துடித்து, துடிப்பு குறைந்து, அடங்கினாள். வாய் திறந்திருந்தது. மூச்சு மட்டும் கரகரவென்று ஓடியது. நடிப்பு முடிந்துவிட்டதா, இதுவும் நடிப்பா? எழுந்திருக்கவில்லை. அவன் தவழ்ந்து போய் அவளைத் தொட்டான், உலுக்கினான். உலுக்க உலுக்கத் தலை துணிமூட்டைபோல ஆடியது. அவனுக்கு உயிரே போய்விட்டது. இப்படித்தானா இவள் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்?

அவள் கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். பார்வையில் அவனைத் தெரிந்த குறியே இல்லை. அவன் கையைத் தள்ளிவிட்டாள்.

"யாரு நீ?" என்றாள்.

"நான்தான், உன் மாமன். வேடியப்பன்."

"யாரு நீ?"

"வெளயாடாத. எனக்குப் பயமாக் கீது."

அவள் எழுந்து உட்கார்ந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். முகம் இப்போது அவளுடைய முகமாகத்தான் இருந்தது. "நீ எந்திரிச்சதும் இப்படித்தான் கேப்பே. ஒவ்வொரு தபாவும் கேப்பே. நான் பேரைச் சொல்லுவேன், நீ தள்ளுவே, மறுக்காச் சொல்லுவேன்."

"கையில இருந்தது இன்னா?"

"கேக்காத."

"மங்கம்மாவா?"

அவள் தலையாட்டினாள். "வெளிய வைக்கோல் கெடந்துச்சு. அதுல வுழுந்தா. ஒண்ணும் ஆவல. அரை முழம் தள்ளி வுழுந்திருந்தா அம்மிக்கல்லு. உனக்குத் தெரிய வேணாம்னுதான் சொல்லல. தெரிஞ்சா நீ உன்னையே மன்னிக்க மாட்டே."

வேடியப்பன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். தழும்பு இருக்கிற பக்கம் அடிக்காதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை யோசித்தும் அந்த நாள் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. பிள்ளையைத் தூக்கினதுகூட ஞாபகத்தில் இல்லை, அதையும் சேர்த்து அழித்துவிட்டுத்தான் வலிப்பு போகிறது. இல்லாத ஒன்றுக்காக ஒருத்தன் எப்படி அழுவான்? ஆனாலும் அழுதான். அழுகை அடங்கினதும் மாத்திரை எங்கே என்று அவனே கேட்டு வாங்கி விழுங்கினான்.

செவ்வாய்க்கிழமை கோயில் முன்னால் ஊர் முழுக்க வந்து நின்றது. முனியன் கையில் கட்டோடு வந்திருந்தான். வேடியப்பனை நடுவில் உட்கார வைத்துப் பம்பை அடித்தார்கள், வேப்பிலை வீசினார்கள், கற்பூரம் காட்டினார்கள். எல்லாருடைய கண்ணும் அவன் வலது கையில். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது முழங்காலின்மேல் சும்மா கிடந்தது. பம்பைக்காரன் அடித்து ஓய்ந்தான்.

"இன்னா வேடியா?" என்றார் கவுண்டர்.

"வராதுங்க கவுண்டரே. மாத்திரை போட்டுக்கினுதான் வந்தேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "அப்போ அன்னிக்குக் கை காட்டுனது சாமி இல்லியா?" என்று கவுண்டர் கேட்டார்.

"தெரியலீங்க. என் மண்டைக்குள்ள அடி பட்ட எடத்துல ஒரு கூட்டம் வந்து நின்னுக்கினு கீதாம். என்னைக் காப்பாத்தினதும் அதுதானாம், என் கையைத் தூக்கினதும் அதுதானாம். கிழக்க பாத்து உக்காந்தா தெக்க காட்டும், மேக்க பாத்து உக்காந்தா வடக்க காட்டும். தண்ணி எங்க கீதுன்னு அதுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

முனியன் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். இத்தனை நாள் பாறையைக் கொத்தினவன் அவன், முதலில் கத்த வேண்டியதும் அவன்தான். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மச்சான்," என்று மட்டும் சொன்னான். ஒருத்தர் கட்டை மீறினவனுக்குக் கிணற்றில் பங்கு கிடையாது என்றார். இல்லாத கிணற்றில் என்ன பங்கு என்று இன்னொருத்தர் கேட்டார். சாமிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அந்த இரைச்சலுக்கு நடுவே சின்னக்குழந்தை பெண்கள் பக்கமிருந்து எழுந்து வந்தாள். ஆண்கள் கூட்டத்துக்குள் பெண் நுழைகிற வழக்கம் தேன்பாறையில் இல்லை. அவள் யாரையும் கேட்கவில்லை. வேடியப்பனை ஒட்டி, தோளோடு தோள் உரச உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து மங்கம்மாவை எடுத்து அவன் மடியில் வைத்தாள். தன் கை ஒன்றைப் பிள்ளைக்கு அடியில் கொடுத்தாள், இன்னொன்றை அவன் முதுகுக்குக் கொடுத்தாள்.

"புடி மாமா," என்றாள்.

அவன் பிடித்தான். பிள்ளை அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது. அவனுடைய இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்கின. இந்தத் தடவை நடுங்குவது அவனுக்கே தெரிந்தது.